ஹம்சினி சொல்லாமல் விட்ட குறை

குறை சொல்வதற்கு மாதச் சம்பளம் உண்டு என்று யாராவது பேப்பரில் விளம்பரம் கொடுத்திருந்தால், மயிலாப்பூரில் பாதிப் பேர் இருக்கிற வேலையை விட்டுவிட்டு வந்து வரிசையில் நின்றிருப்பார்கள். விளம்பரம் கொடுக்காததால் அந்த வேலை ஹம்சினிக்குக் கிடைத்தது. தி. நகரில், பாண்டி பஜாரை ஒட்டிய ஒரு சந்தில், எவர்சில்வர் பாத்திரக் கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். வாசலில் ‘ஸ்ரீசக்ரா வெப் வேர்ல்டு’ என்று பலகை தொங்கும். அந்த வேர்ல்டு முழுவதும் இரண்டு அறைகளுக்குள் அடக்கம். ஊறுகாய் கம்பெனிக்கும் கல்யாண மண்டபத்துக்கும் இன்டர்நெட்டில் பக்கம் செய்து கொடுப்பது தொழில். நான் அங்கே போன் எடுப்பேன், கணக்கு எழுதுவேன், பக்கங்களில் போடுகிற இங்கிலீஷையும் எழுதிக் கொடுப்பேன். என் பெயர் சண்முகவடிவு, அடையாற்றிலிருந்து பஸ் பிடித்து வருவேன். என்னைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும்.

ஹம்சினி என்ன வேலை பார்க்கிறாள் என்று அவள் வீட்டில் யாருக்கும் விளங்கியதே இல்லை. கேட்டவர்களிடம் “கம்ப்யூட்டர்ல இருக்கா” என்று சொல்வார்கள். விஷயம் ஒன்றும் பெரிதில்லை. நான் சொல்வது தொண்ணூற்றெட்டாம் வருஷம். இன்டர்நெட் பார்ப்பதற்கு அப்போது நெட்ஸ்கேப், எக்ஸ்ப்ளோரர் என்று இரண்டு பிரவுசர்கள் கொடி கட்டிப் பறந்தன. இரண்டுக்கும் ஆகாது. ஒன்றில் நட்டநடுவில் நிற்கிற படம் மற்றொன்றில் ஓரமாகப் போய் ஒண்டிக்கொள்ளும். ஒன்றில் பளிச்சென்று தெரிகிற எழுத்து மற்றொன்றில் இருக்கிற இடமே தெரியாது. போதாக்குறைக்கு, இரண்டும் சில மாதங்களுக்கு ஒரு தடவை புதுப் பதிப்பு போடும். அதில் பழைய கோளாறெல்லாம் சரியாகி, புத்தம் புதுக் கோளாறுகள் வந்திருக்கும். எங்கள் ஆபீஸில் செய்கிற ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு பிரவுசர்களிலும் திறந்து பார்த்து, எங்கே உடைந்திருக்கிறது என்று சொல்வதுதான் ஹம்சினியின் உத்தியோகம். அதற்காக அவள் மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். இடது பக்கம் எக்ஸ்ப்ளோரர், வலது பக்கம் நெட்ஸ்கேப்.

எங்கள் முதலாளி ஸ்ரீனிவாசராகவனுக்கு இந்த ஏற்பாட்டில் நம்பிக்கை கிடையாது. அவரைப் பொறுத்தவரை உலகத்தில் ஒரே ஒரு பிரவுசர்தான் உண்டு, அது அவர் மேஜையில் இருக்கும் எக்ஸ்ப்ளோரர். “இந்தப் பக்கத்தை எக்ஸ்ப்ளோரரில் பார்த்தால் சிறப்பாக இருக்கும்” என்று ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் போடச் சொல்வார். ஓட்டலுக்கு வந்தவனிடம், எங்கள் ஸ்பூனால் சாப்பிட்டால்தான் எங்கள் சாம்பார் ருசிக்கும் என்று சொல்கிற தைரியம் அது. புதுப் பதிப்பு வந்திருக்கிறது, பழையதில் பாதுகாப்பு ஓட்டை இருக்கிறதாம், மாற்றிவிடலாமா என்று ஹம்சினி ஒரு தடவை கேட்டாள். “இத்தனை நாள் ஓட்டையோடத்தானே ஓடிண்டிருக்கு? ஓடறதை எதுக்கும்மா நோண்டணும்?” என்றார்.

பாதுகாப்பு விஷயத்தில் அவரைக் குறை சொல்லவும் முடியாது. எழுதி முடித்த பக்கத்தை இன்டர்நெட்டில் ஏற்றுவதற்கு ஒரு பாஸ்வேர்டு உண்டு. அது அவருக்கு மட்டும்தான் தெரியும். பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்து உதறி, கீபோர்டின் மேல் விரித்து, அதற்குள் கையை விட்டு அடிப்பார். முன்னதாகக் காலண்டரில் ராகு காலம் பார்த்துக்கொள்வார். ஆபீஸ் சாவி மட்டும் கீழே பாத்திரக் கடையில், கல்லாவுக்கு மேலே உள்ள ஆணியில், தெருவே பார்க்கத் தொங்கிக்கொண்டிருக்கும்.

பக்கங்களை எழுதுகிறவன் ராபர்ட். பட்டினப்பாக்கத்துப் பையன், கெட்டிக்காரன், ஆனால் கேட்ட கேள்விக்கெல்லாம் ஒரே பதில்தான் வைத்திருந்தான். ஹம்சினி வந்து, படம் வரவில்லை, எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கிறது என்று எது சொன்னாலும், “இன்னா ஹம்சினி, என் மிஷின்ல நல்லாத்தான கீது?” என்பான். “ஊறுகாய் வாங்கறவா எல்லாரும் உன் மிஷின்லயா வந்து பார்ப்பா?” என்று அவள் கேட்பாள். தினம் ஒரு தடவையாவது இது நடக்கும். அப்புறம் அவன் முணுமுணுத்துக்கொண்டே சரி செய்வான்.

குறை கண்டுபிடிப்பது அவள் ஆபீஸில் வந்து கற்றுக்கொண்டதில்லை, பிறவிக் குணம். பாவாடை சட்டை வயசில், ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில், மாப்பிள்ளை குடையும் தடியுமாகக் காசி யாத்திரை கிளம்பியிருக்கிறார். மாமனார் வழிமறிக்கத் தயாராக நிற்கிறார். கூட்டத்தின் முன்வரிசையில் நின்ற இவள், “ரெண்டு செருப்பும் எடது காலுக்கு” என்று சத்தமாகச் சொல்லிவிட்டாள். உண்மைதான். கடையிலிருந்து யாரோ அப்படிப் பொறுக்கி வந்திருக்கிறார்கள். மாப்பிள்ளை விந்தி விந்தி நடந்தது பக்தியால் என்று அதுவரைக்கும் எல்லாரும் நினைத்திருந்தார்களாம். அவள் அம்மா காமாக்ஷி அங்கேயே தொடையில் நறுக்கென்று கிள்ளி, “சுபகாரியத்துல அபசகுனமாப் பேசாதேடி” என்றாளாம். செருப்பை யாரும் மாற்றவில்லை.

அந்த ‘அபசகுனம்’ அவளுக்குப் பட்டப்பெயர் மாதிரி ஒட்டிக்கொண்டது. கல்யாண வயது வந்ததும் அதன் மகிமை தெரிந்தது. நங்கநல்லூரிலிருந்து பெண் பார்க்க வந்த பையன், ஐந்து வருஷமாக ஒரே கம்பெனியில் இருப்பதாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். “அந்தக் கம்பெனி ஆரம்பிச்சே மூணு வருஷம்தானே ஆறது?” என்று இவள் கேட்டாள். தட்டில் வைத்த பஜ்ஜி தட்டிலேயே ஆறிப்போயிற்று. அடுத்தது பெசன்ட் நகர் வரன். பெண்ணைப் பாடச் சொன்ன பையனின் அம்மா, ஆசையில் தானும் சேர்ந்து பாடினாள். “மாமி, சுருதி சேரலை” என்றாள் ஹம்சினி. அவர்கள் காரில் ஏறும்போது வெற்றிலை பாக்குத் தட்டைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. நங்கநல்லூரான் ஏமாற்றுக்காரன் என்று பின்னால் ஊருக்கே தெரிந்தது. அதற்காக யாரும் இவளிடம் வந்து நல்லவேளை என்று சொல்லிவிடவில்லை. இரண்டு வரன் இவள் வாயால் போயிற்று என்பதுதான் கணக்கில் நின்றது.

மூன்றாவதாக நியூ ஜெர்ஸி வரன் வந்தது. பையன் பெயர் சாய்சரண். ஏதோ டெலிபோன் கம்பெனியில் யூனிக்ஸ் கம்ப்யூட்டர்களோடு மல்லுக்கட்டுகிற வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனே போன் செய்து ஹம்சினியிடம் பேசினான். என்ன வேலை என்று கேட்டிருக்கிறான். இவள் இரண்டு பிரவுசர் கதையைச் சொல்லியிருக்கிறாள். அவன் சிரித்து, தன்னிடம் இருப்பது நெட்ஸ்கேப் மட்டும்தான் என்றானாம். அப்புறம், “எழுதறது ஈஸி, தப்பைக் கண்டுபிடிக்கறதுதான் கஷ்டம்” என்றானாம்.

திங்கட்கிழமை அவள் ஆபீஸுக்கு வந்த கோலத்தை நான் பார்த்தேன். ராபர்ட் எழுதிய பக்கத்தில் ஏழெட்டு இடத்தில் உடைசல் இருந்தும் அவனைத் திட்டாமல் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவன் பயந்துபோய், “ஒடம்புக்கு எதுனா ஆயிடுச்சா?” என்று என்னிடம் கேட்டான். பிறந்ததிலிருந்து திட்டு வாங்கிக்கொடுத்த ஒரு குணத்தை ஒருவன் கஷ்டமான வேலை என்று சொல்லிவிட்டான். அந்த ஒரு வார்த்தைக்கே அவளுக்கு அவனைப் பிடித்துவிட்டது. என்னிடம் மறைக்காமல் சொன்னாள்: “வடிவு, இது நடக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசையா இருக்கு.”

அவள் அப்பா சங்கரனுக்கும் ஆசைதான். ஆனால் அவருக்குப் பெண்ணின் வாயை நினைத்தால் பயம். சுவாமி அலமாரிக்கு முன்னால் அவளை நிறுத்தி, நிச்சயதார்த்தம் முடிகிறவரைக்கும் எதிலும் குறை சொல்லமாட்டேன் என்று கற்பூரம் ஏற்றி சத்தியம் வாங்கிவிட்டார். அவளும் மனசாரச் செய்து கொடுத்தாள். இந்த வரன் தன் வாயால் போய்விடக் கூடாது என்று அப்பாவை விட அவளுக்குத்தான் பயம்.

சாய்சரணின் அம்மா, அந்த நியூ ஜெர்ஸி மாமி, ஒரு யோசனை சொன்னாள். ஜாதகம், போட்டோ எல்லாம் தபாலில் அனுப்ப வேண்டாம், இன்டர்நெட்டில் போட்டுவிடுங்கள், நவராத்திரிக் கொலுவுக்கு வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்த்துவிடுவார்கள், விஜயதசமி அன்று தீர்மானம் பண்ணிவிடலாம் என்றாள். சங்கரனும் எங்கள் முதலாளியும் கபாலி கோயிலில் தினம் காலையில் சேர்ந்து சுற்றுகிறவர்கள். முதலாளிக்குக் கல்யாணப் பக்கங்கள் என்று ஒரு புது வியாபாரம் தொடங்கும் எண்ணம் இருந்ததால், முதல் பக்கம் நம் ஹம்சினிக்கே இருக்கட்டும் என்று பரம சந்தோஷமாகச் சொல்லிவிட்டார். விவரங்களையெல்லாம் சங்கரனே உட்கார்ந்து சொல்லச் சொல்ல ராபர்ட் அடித்துக்கொண்டான். நான் எழுதுகிற இங்கிலீஷ் போதாது என்று சங்கரனுக்கு எண்ணம். அதனால் என்னை அதில் தொடவிடவில்லை.

பக்கம் தயாரானதும் ஹம்சினி வழக்கம்போல இரண்டிலும் திறந்து பார்க்கப் போனாள். முதலாளி பதறிக்கொண்டு வந்தார்.

“இதுக்கு டெஸ்டிங் கிஸ்டிங் எல்லாம் வேண்டாம்மா. சுபகாரியம். இதுல போய்க் குறை தேடப்படாது. உங்கப்பா எல்லாம் சொல்லியிருக்கார்.”

அவள் கையை எடுத்துக்கொண்டாள். ஊறுகாய்ப் பக்கம் இரண்டு பிரவுசரிலும் சோதனை ஆனபிறகுதான் எங்கள் ஆபீஸை விட்டு வெளியே போகும். ஒரு பெண்ணின் கல்யாணப் பக்கத்துக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது. எல்லா மானிட்டர்களுக்கும் முதலாளி தன் கையாலேயே சந்தனம் குங்குமம் வைத்தார். ஹம்சினியின் நெட்ஸ்கேப் கம்ப்யூட்டர்மேல் அவருக்கு நம்பிக்கையில்லாவிட்டாலும் பொட்டு மட்டும் பெரிதாகவே வைத்தார். பொரி, பொட்டுக்கடலை, வாழைப்பழம் எல்லாம் ஆயிற்று. பூசணிக்காயை வாசலில் உடைத்ததில் பாத்திரக் கடைக்காரர் வேட்டியெல்லாம் குங்குமம். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரைக்கும் தொடக்கூடாது என்பதால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.

விஜயதசமி காலையில் நல்ல நேரத்தில் எல்லாரும் முதலாளி மேஜையைச் சுற்றி நின்றோம். கைக்குட்டையை விரித்தார், பாஸ்வேர்டு அடித்தார், பக்கம் ஏறியது. அவருடைய எக்ஸ்ப்ளோரரில் திறந்து காட்டினார். மேலே மாவிலைத் தோரணம், நடுவில் ஹம்சினியின் போட்டோ, பக்கத்தில் ராசிக் கட்டம், நவாம்சக் கட்டம், கீழே விவரங்கள். ஜம்மென்று இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கேசரி கொடுத்தார்கள். நியூ ஜெர்ஸியில் அப்போது நடுராத்திரி தாண்டியிருக்கும். இங்கே சாயங்காலம் ஆகும்போது அங்கே எழுந்து பார்ப்பார்கள் என்று முதலாளியே கணக்குப் போட்டுச் சொன்னார்.

கேசரிக் கையைத் துடைத்துக்கொண்டு ஹம்சினி தன் மேஜைக்குப் போனாள். இடது பக்கம் திறந்தாள், நன்றாக இருந்தது. பழக்க தோஷம், வலது பக்கமும் திறந்தாள்.

“வடிவு, இங்க வாயேன்” என்று கூப்பிட்டாள். குரலே சரியில்லை. போய்ப் பார்த்தேன். நெட்ஸ்கேப்பில் மேலே பட்டையில் அவள் பெயர் மட்டும் இருந்தது. அதற்குக் கீழே வெறும் சந்தன நிறம். போட்டோ இல்லை, ஜாதகம் இல்லை, எக்ஸ்ப்ளோரரில் பார்க்கவும் என்கிற பிரசித்தி பெற்ற வாசகமும் இல்லை.

அவளுக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. பக்கத்தில் கட்டம் போடுவதற்கு, திற என்று ஒரு குறி, மூடு என்று ஒரு குறி எழுத வேண்டும். ராசிக் கட்டத்தைப் பெரிய கட்டத்துக்குள் வைத்த ராபர்ட், திறந்ததை மூட மறந்துவிட்டான். எக்ஸ்ப்ளோரர் அனுசரித்துப் போகிற ஆசாமி, போகட்டும் என்று தானே மூடிக்கொள்ளும். நெட்ஸ்கேப் அப்படியில்லை. கட்டம் மூடுகிறவரைக்கும் உள்ளே இருப்பது எதையும் காட்டமாட்டேன் என்று உட்கார்ந்துவிடும். நியூ ஜெர்ஸியில் இருப்பதோ நெட்ஸ்கேப்.

ராபர்ட்டிடம் ஓடினோம். “என் மிஷின்ல நல்லாத்தான...” என்று ஆரம்பித்தவன் ஹம்சினியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். “ஐயோ, ஒரே ஒரு வார்த்தை வுட்டுட்டேன். தோ, போட்டாச்சு. சார் ஏத்துனா முடிஞ்சுது.”

சாரிடம் போனாள். அவள் “சார், அந்தப் பக்கம் நெட்ஸ்கேப்ல...” என்று சொல்லும்போதே அவர் கையை உயர்த்திவிட்டார்.

“வேண்டாம்மா. இன்னிக்கு ஒண்ணும் சொல்லாதே. நான் பார்த்தேன், எல்லாரும் பார்த்தா, பிரமாதமா இருக்கு.”

“ஒரு தடவை திரும்ப ஏத்தினாப் போறும் சார்.”

“விஜயதசமி அன்னிக்கு ஆரம்பிச்சதை அன்னிக்கே மாத்தினா, ஆரம்பமே தடங்கல்னு ஆகும். நாளைக்குப் பார்த்துக்கலாம். உங்கப்பாகிட்ட நீ சத்தியம் பண்ணியிருக்கியா இல்லையா?”

அவள் வெளியே வந்துவிட்டாள். நான் விடவில்லை, உள்ளே போனேன். பக்கம் அங்கே வெறுமையாகத் தெரியும், நாளைக்கு ஏற்றிப் பிரயோஜனம் இல்லை என்று நெற்றிப்பொட்டில் அடித்தாற்போல் சொன்னேன். “சண்முகவடிவு, நீ கணக்கைப் பாரு” என்றார். அவருடைய கண் எதிரே அவர் ஏற்றிய பக்கம் அழகாக மின்னிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் அவருக்கு வேறெதுவும் தெரியவில்லை.

“வீட்டுக்குப் போனதும் உங்க அப்பாகிட்ட சொல்லு. அவர் சொன்னா இவர் கேப்பார்” என்று சொல்லி அனுப்பினேன். சாயங்காலம் வீட்டில் நடந்ததை அவள் மறுநாள் என்னிடம் சொன்னாள். சங்கரன் பட்டு அங்கவஸ்திரத்தோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தாராம். “ஏத்தியாச்சாமே? எப்படி இருக்கு? உன் வாயால நன்னா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லேன், கேட்போம்” என்றாராம். அப்போது ஆறு மணிகூட ஆகவில்லை. ஒரு போன் போட்டால் காரியம் முடிந்துவிடும்.

“நன்னா இருக்குப்பா” என்றாளாம் ஹம்சினி.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “பைத்தியமா உனக்கு? இத்தனை வருஷம் தேவையில்லாத இடத்துல எல்லாம் வாயைத் திறந்துட்டு, தேவைப்படற இடத்துல மூடிக்கிட்டியே?” என்று கத்தினேன்.

அவள் சிரித்தாள். “சத்தியம் ஒரு பக்கம் இருக்கட்டும் வடிவு. அவர் என்ன வெறும் ஆளா? யூனிக்ஸ்காரர். என் பேர் மேல இருக்கு, கீழ ஒண்ணுமே இல்லை. அப்படியே விட்டுடுவாரா? ‘வியூ சோர்ஸ்’னு ஒரு கிளிக் பண்ணினா உள்ள எழுதினது அத்தனையும் தெரியும். எங்க மூடலைன்னு கண்டுபிடிச்சு எனக்கு மெயில் போடுவார், நீ வேணாப் பாரு.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஊர்ப்பட்ட மாப்பிள்ளைகள் பெண்ணைப் பாடச் சொல்லி, நடக்கச் சொல்லிப் பரீட்சை வைத்தார்கள். இவள் பதிலுக்கு ஒரே ஒரு கேள்வியில் ஒரு பரீட்சை வைத்திருக்கிறாள். பாவம், அப்படி ஒன்று நடப்பது அந்த மாப்பிள்ளைக்குத் தெரியாது. அவள் முகத்தில் இருந்த நம்பிக்கையைப் பார்த்ததும் எனக்குத் திட்டுவதற்கு மனசு வரவில்லை. அன்று முழுக்க அவள் மெயில் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலாளி அன்றும் பக்கத்தைத் தொடவில்லை. வெள்ளிக்கிழமை எதையும் அழிக்கக் கூடாதாம். சனிக்கிழமை கேட்டதற்கு, சனிக்கிழமையா என்று ஒரு மாதிரி பார்த்தார். இன்டர்நெட் ராத்திரி பகல் ஓயாமல் ஓடுகிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் அவர்தான் சொல்லுவார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நியூ ஜெர்ஸி மாமி போன் செய்தாள். கொலுவுக்கு வந்தவர்கள் எல்லாரும் சுண்டல் கிண்ணத்தோடு சாய்சரணின் கம்ப்யூட்டரைச் சுற்றி நின்றார்களாம். பெண்ணின் பெயர் மட்டும் வந்ததாம், வேறு ஒன்றுமே வரவில்லையாம். “ஜாதகத்துல ஏதோ இருக்கு, அதான் போடாம வெச்சிருக்கான்னு என் நாத்தனார் சொல்றா. எனக்கும் அப்படித்தான் படறது. நாங்க வேற எடம் பார்த்துண்டுட்டோம்” என்றாளாம்.

“சரண் பார்த்தானா?” என்று சங்கரன் கெஞ்சாத குறையாகக் கேட்டிருக்கிறார்.

“அவன்தானே முதல்ல பார்த்தான்? ஒண்ணும் வரலைம்மான்னுட்டு மூடிட்டான்.”

அதன்பிறகு அந்த வீட்டில் நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. சங்கரன் முதலாளிக்குப் போன் போட்டுக் கத்தினார். முதலாளி, “என் மெஷின்ல நன்னா இருக்கே, உம்ம பொண்ணுதானேய்யா டெஸ்டிங்?” என்றார். சங்கரன் போனை வைத்துவிட்டுப் பெண்ணிடம் வந்தார்.

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சிருந்துமா நன்னா இருக்குன்னு சொன்னே?”

“நீ அதைத்தானேப்பா சொல்லச் சொன்னே.”

“நான் சொன்னா? உனக்குப் புத்தி வேண்டாமா? ஊர்ல இருக்கிற குறையெல்லாம் உன் கண்ணுக்குத் தெரியறது, உன் வாழ்க்கைன்னு வந்தா ஒரு வார்த்தை அழுத்திச் சொல்ல வாய் வரலையா?” என்று தலையில் அடித்துக்கொண்டாராம். காமாக்ஷி மாமியும் சேர்ந்துகொண்டாள். வாயைத் திறந்ததற்கு இரண்டு வரன் போனதாகத் திட்டியவர்கள், திறக்காததற்கு மூன்றாவது போனதாகத் திட்டினார்கள். இரண்டிலும் தப்பு இவள்மேல்தான். சத்தியம் வாங்கிய கற்பூரத் தட்டு அலமாரியில் பளபளவென்று இருந்தது, அதை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து என் தோளில் சாய்ந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அப்பா திட்டியதற்கு அழவில்லை, வரன் போனதற்கும் இல்லை. “மூடிட்டாராம் வடிவு. ஒரு கிளிக். அதுகூடப் பண்ணிப் பார்க்கத் தோணலை. ஒண்ணும் இல்லைன்னு மூடிட்டாராம்” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். போனில் அழகாகப் பேசத் தெரிந்த அந்த மனிதனை நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. கேட்க அவன் நியூ ஜெர்ஸியில் அல்லவா இருந்தான்.

ராகு காலம் முடிந்ததும் முதலாளி ஒருவழியாகத் திருத்தின பக்கத்தை ஏற்றினார். வேறு வரன்களுக்கு ஆகும், இருக்கட்டும் என்று சங்கரன் சொல்லியிருந்தார். ஹம்சினி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு பக்கமும் திறந்தாள். இந்தத் தடவை யாரும் தடுக்கவில்லை. நெட்ஸ்கேப்பில் தோரணம், போட்டோ, கட்டங்கள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அவள் மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டு வந்தாள். பெயர், நட்சத்திரம், படிப்பு, உயரம். அதையெல்லாம் அவள் முழுசாகப் படிப்பது அன்றைக்குத்தான். ராபர்ட் பின்னால் குற்றவாளி மாதிரி நின்றுகொண்டிருந்தான்.

“இப்ப ஓகேவா ஹம்சினி?”

“இல்லை ராபர்ட். ஒரு தப்பு இருக்கு.”

விரலை வைத்துக் காட்டினாள். கடைசி வரிக்கு முந்தின வரி. ‘பெண்ணின் எதிர்பார்ப்பு’ என்று போட்டு, எதிரே ‘எதுவும் இல்லை’ என்று இருந்தது.

“அது உங்க நைனா சொன்னது. நான் அப்டியே அடிச்சேன். அதுல இன்னா தப்பு?”

“இருக்குன்னு போடு.”

ராபர்ட் என்னைப் பார்த்தான். நான் போடு என்று தலையை ஆட்டினேன். அதற்குள் முதலாளி எழுந்து வந்துவிட்டார். வழக்கம்போலக் கையை உயர்த்தி, “என்னம்மா இது, வெறுமனே இருக்குன்னு போட்டா, என்ன எதிர்பார்ப்புன்னு மனுஷா கேப்பாளே?” என்றார்.

“கேக்கட்டும் சார். கேக்கற ஒருத்தர் வந்தாப் போறும்” என்றாள் ஹம்சினி.